பயிர் குடிக்கும் தண்ணி எவ்வளவு?
யாழ்ப்பாணத்துக் கிணறு சொல்லித் தரும் கணக்கு



தை, மாசி பிறந்துவிட்டால் நமது லயங்களில் பீலிக்கரைதான் பேச்சு. வாளிகள் வரிசையில் நிற்கும். குடிக்கத் தண்ணி பிடிப்பதா, துணி துவைப்பதா, வீட்டுக்குப் பின்னால் போட்ட போஞ்சிக்கும் கோவாவுக்கும் ஊற்றுவதா என்று வாக்குவாதம் வரும். "நீ ரெண்டு வாளி கூட எடுத்துட்ட" என்று தொடங்கும் சண்டை சில சமயம் தலைவர் வரைக்கும் போகும். ஆனால் அந்தப் போஞ்சிப் பாத்திக்கு உண்மையிலேயே எத்தனை வாளி வேண்டும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. நான்கு வாளி போதுமா, எட்டு வேண்டுமா? கண்ணளவில் ஊற்றுகிறோம், அவ்வளவுதான்.

இந்த இதழில் நாம் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். பதிலைத் தேடி வெகுதூரம், யாழ்ப்பாணம் வரைக்கும் போய் வருவோம். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத ஊர் அது. அங்கே தோட்டச் செய்கை பெரும்பாலும் கிணற்றை நம்பித்தான் நடக்கிறது. தண்ணியின் அருமை தெரிந்த ஊரில்தானே தண்ணியின் கணக்கையும் படிக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் நமக்கு அந்நியமும் அல்ல. நமது கறிச்சட்டியில் விழும் சின்ன வெண்காயத்திலும் செத்தல் மிளகாயிலும் அந்த மண்ணின் பங்கு உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு நமது சொந்தக்காரர்கள் பலர் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். மலையில் கொழுந்து பறித்த கை அங்கே மண்வெட்டி பிடித்து வாய்க்கால் கட்டப் பழகியது.

மழை மூன்று மாதம், தோட்டம் பன்னிரண்டு மாதம்

வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 4,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் சுமார் 1,250 மில்லிமீற்றர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும்தான். ஆனாலும் கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம், இணுவில், திருநெல்வேலி என்று செம்மண் பரந்த இடமெல்லாம் வெண்காயம், மிளகாய், புகையிலை, வாழை, பீற்றூட் என்று வருடம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும்.

இதற்குக் காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மாரி மழை அதற்குள் இறங்கித் தங்கிவிடும். கிணறு வெட்டினால் அந்தத் தண்ணி கிடைக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று பக்கமும் கடலும் நடுவே கடல்நீரேரிகளும் சூழ்ந்த நிலம் அது. கல்லுக்குள் ஆழத்தில் கடலின் உப்புத் தண்ணி நிற்கிறது. மழைத் தண்ணி உப்புத் தண்ணியை விடப் பாரம் குறைந்தது என்பதால், சோற்றுக் கஞ்சியின் மேல் ஆடை படிந்தாற்போல, அதன் மேலே மிதக்கிறது. புத்தூர்ப் பக்கத்தில் உள்ள நிலாவரைக் கிணற்றை அடி காணாத கிணறு என்பார்கள். அதிலும் இதே கதைதான், மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத் தண்ணி.

நல்ல தண்ணியின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மேல் இறைத்து மேல் மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழே இருக்கும் உப்பு காலப்போக்கில் 40 அடி வரைக்கும் மேலே ஏறும். ஒரு முறை உப்பேறிய கிணறு நல்ல கிணறாக மாற எத்தனை மாரி வேண்டுமோ! கரையோரத்தில் பல கிணறுகள் இப்படித்தான் கைவிட்டுப் போயின.

துலாவும் மெசினும்

முந்திய காலத்தில் துலாவில்தான் இறைத்தார்கள். ஒருவர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துத் தண்ணியைக் கவிழ்ப்பார். இன்னொருவர் தோட்டத்தில் நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் வாய்க்காலை அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணி மாற்றுவார். மூன்று பேர் உடம்பு நோக இறைத்த தண்ணி அது. வீணாக்க யாருக்கு மனசு வரும்?

பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்தது. கயிறைச் சுற்றி இழுத்தால் தண்ணி கொட்டியது. உடம்பு நோகவில்லை, அதனால் கணக்கும் மறந்தது. 1990களில் பொருளாதாரத் தடை காரணமாக எண்ணெய் கிடைக்காமல் போனபோது, பழைய துலாவைத் தேடியவர்களும் உண்டு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியதை நாமும் மறந்திருக்க மாட்டோம். நமக்கு அது குப்பி விளக்கும் அடுப்பும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது இறைப்பு.

கோப்பாய்ப் பக்கம் ஒரு வெண்காயத் தோட்டத்து வரம்பில் நின்று, பெரியவர் ஒருவரிடம் நாங்கள் கேட்டோம்.

"ஐயா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடுறீங்க?"

"நாலு நாளைக்கு ஒருக்கா இறைக்கிறது. அப்பு காலத்திலை இருந்து அப்பிடித்தான்."

"ஒரு தடவைக்கு எவ்வளவு தண்ணி போகும்?"

அவர் சிரித்துவிட்டார். "பாத்தி நிறையிற மட்டும் விடுறது பிள்ளை. ஆர் இதை அளந்தது?"

ஐம்பது வருட அனுபவம் உள்ளவர். மண்ணைக் காலால் மிதித்தே ஈரத்தைச் சொல்லுவார். அவருக்கே அளவு தெரியாது என்றால் நமது போஞ்சிப் பாத்தியைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. அளக்கும் வழி தெரிந்துகொண்டால் போதும்.

தண்ணி எங்கே போகிறது?

பாத்தியில் ஊற்றிய தண்ணி மூன்று வழியில் போகிறது.

முதலாவது, மண்ணின் மேற்பரப்பில் இருந்து நேராக ஆவியாகிறது. ஈரத்துணி கொடியில் காய்வது போல.

இரண்டாவது, வேர் உறிஞ்சி, தண்டு வழியாக ஏறி, இலையில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் வழியாக ஆவியாக வெளியேறுகிறது. இந்தத் துளைகளை இலைவாய் என்றும், இப்படித் தண்ணி போவதை ஆவியுயிர்ப்பு என்றும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் படித்திருப்பார்கள். பயிர் குடிக்கும் தண்ணியில் மிகச் சிறு பங்குதான் செடிக்குள் தங்குகிறது. மிச்சம் எல்லாம் இலை வழியாக ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. நமக்கு வேர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை சூடேறிக் கருகாமல் இருப்பதற்கும் உரத்தை வேரில் இருந்து மேலே கொண்டு போவதற்கும் இந்த ஓட்டம் வேண்டும்.

மூன்றாவது, வேர் எட்டாத ஆழத்துக்கு ஒழுகிப் போகிறது.

முதல் இரண்டையும் சேர்த்துத்தான் பயிரின் நீர் இழப்பு என்கிறோம். இதை நாம் கட்டாயம் ஈடு செய்ய வேண்டும். மூன்றாவது நமது கைமீறிய ஊற்றலால் வருவது. அதைக் குறைக்கலாம்.

"ஒழுகிப் போன தண்ணி திரும்பவும் கிணற்றுக்குத்தானே வரும், அதில் என்ன நட்டம்?" என்று யாழ்ப்பாணத்தில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தண்ணியில் ஒரு பங்கு திரும்பி வரும்தான். ஆனால் வெறுங்கையோடு வராது. பாத்தியில் போட்ட யூரியாவையும் எருவையும் கரைத்துக்கொண்டு வரும். அது நைத்திரேற்று என்ற உப்பாகக் கிணற்றில் சேரும். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளைப் பரிசோதித்தவர்கள் பலமுறை கண்ட குறை இது. குடிக்கும் தண்ணியில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மிஞ்சினால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், உடம்பு நீலம் பாரிக்கும். அந்தக் கிணற்றுத் தண்ணியில் பால்மா கரைத்துக் கொடுக்கும் தாய்க்கு இது தெரியுமா? காய்ச்சினாலும் நைத்திரேற்று போகாது.

ஆக, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் எண்ணெயும் உரமும் வீணாகும், கிணறும் கெடும்.

வெயிலிடமே கேட்டுவிடுவோம்

ஒரு நாளில் பயிர் எவ்வளவு தண்ணி இழக்கும் என்பதை வெயில், காற்று, காற்றின் ஈரப்பதன், சூடு ஆகிய நான்கும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இந்த நான்கையும் வைத்துக் கணக்குப் போடும் சூத்திரத்தை 1948இல் இங்கிலாந்தின் பென்மன் என்ற விஞ்ஞானி எழுதினார். பிற்பாடு பலர் அதைத் திருத்தினார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1998இல் அதற்கு ஒரு பொது முறை வகுத்து வெளியிட்டது. உலகம் முழுக்க இன்று அந்த முறைதான் நடப்பில் இருக்கிறது. காலநிலை நிலையத்தின் அளவுகள் இருந்தால் அந்தச் சூத்திரத்தில் போட்டு விடை எடுக்கலாம்.

நம்மிடம் அந்தக் கருவிகள் இல்லை. பரவாயில்லை. அந்த நான்கும் சேர்ந்து செய்யும் வேலையை நேரடியாகக் காட்டும் பொருள் ஒன்று உண்டு. அது திறந்த தட்டில் நிற்கும் தண்ணி. வெயில் அடித்தால் வேகமாக வற்றும். காற்று வீசினால் இன்னும் வேகமாக வற்றும். மூட்டம் போட்டால் மெதுவாக வற்றும்.

ஆராய்ச்சி நிலையங்களில் இதற்கென்று ஆவியாதல் தட்டம் வைத்திருப்பார்கள். 'ஏ' வகுப்புத் தட்டம் என்று பெயர். ஏறக்குறைய 121 சென்ரிமீற்றர் குறுக்களவும் 25 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள வட்டத் தொட்டி. மரச்சட்டத்தின் மேல், நிலத்தில் படாமல் வைப்பார்கள். ஒவ்வொரு நாள் காலையும் தண்ணி எத்தனை மில்லிமீற்றர் குறைந்தது என்று அளந்து எழுதுவார்கள்.

செடி, திறந்த தண்ணியைப் போல அவ்வளவு வேகமாக இழப்பதில்லை. எனவே தட்டத்தில் குறைந்த அளவை 0.7 ஆல் பெருக்குவது பொதுவான வழக்கம். காய்ந்த காற்று பலமாக வீசும் இடத்தில் இந்த எண் இன்னும் குறையும். ஈரமான, காற்று அடங்கிய இடத்தில் சற்றுக் கூடும். பெருக்கி வருவது, நிலத்தை மூடி வளர்ந்த, தண்ணிக் குறைவில்லாத புல் ஒரு நாளில் இழக்கும் அளவு. இதைப் புல்லின் கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.

பிள்ளைக்கு ஒரு அளவு, பெரியவருக்கு ஒரு அளவு

புல்லின் கணக்கு அப்படியே வெண்காயத்துக்குப் பொருந்தாது. நட்டு ஒரு கிழமையான வெண்காயத்துக்கு இலை எத்தனை? அது எவ்வளவு குடிக்கும்? அதே செடி காய் பருக்கும் காலத்தில் வயசுப் பிள்ளை சோறு சாப்பிடுவது போலக் குடிக்கும். முற்றியதும் குறைத்துக்கொள்ளும். இதற்காக ஒவ்வொரு பயிருக்கும் பருவத்துக்குப் பருவம் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். பயிர்க் குணகம் என்று பெயர். உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணையில் உள்ள சில எண்கள் இவை:

வெண்காயம்: தொடக்கத்தில் 0.7, நடுப் பருவத்தில் 1.05, முற்றும்போது 0.75.
உருளைக்கிழங்கு: தொடக்கத்தில் 0.5, நடுவில் 1.15, முற்றும்போது 0.75.
போஞ்சி: தொடக்கத்தில் 0.5, நடுவில் 1.05, கடைசியில் 0.9.
கோவா, கரட்: தொடக்கத்தில் 0.7, நடுவில் 1.05, கடைசியில் 0.95.
நிழல் மரம் இல்லாத தேயிலை: ஏறக்குறைய வருடம் முழுக்க 1.

கணக்கு இவ்வளவுதான். தட்டத்தில் குறைந்த அளவை 0.7 ஆல் பெருக்கி, வருவதைப் பயிர்க் குணகத்தால் பெருக்கினால், அந்தப் பயிர் அன்று இழந்த தண்ணி மில்லிமீற்றரில் வரும்.

மில்லிமீற்றரை லீற்றராக மாற்றுவது இன்னும் சுலபம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணி நின்றால் அது சரியாக 1 லீற்றர். இதை மனதில் பதித்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக வரும்.

கோப்பாய்த் தோட்டத்துக்கு ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பரப்புக் கணக்கில் சொல்வார்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது சுமார் 253 சதுர மீற்றர். நான்கு பரப்பு வெண்காயம் என்றால் ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர்.

நல்ல வெயில் காலத்தில் ஒரு நாள் தட்டத்தில் 7 மில்லிமீற்றர் குறைந்ததாக வைப்போம். 7 ஐ 0.7 ஆல் பெருக்கினால் 4.9. நடுப் பருவ வெண்காயத்தின் 1.05 ஆல் பெருக்கினால் சுமார் 5.1 மில்லிமீற்றர். 1,000 சதுர மீற்றருக்கு ஒரு நாளைக்கு 5,100 லீற்றர். மூன்று நாளைக்கு 15,300 லீற்றர்.

வாய்க்காலில் ஓடும் வழியில் கொஞ்சம் ஊறும், பாத்தியின் தலைப்பக்கம் கூடும், கடைப்பக்கம் குறையும். இறைத்த தண்ணியில் நூற்றுக்கு 70 பங்கு வேருக்குப் போய்ச் சேர்வதாக வைத்தால், 15,300 ஐ 0.7 ஆல் வகுக்க வேண்டும். சுமார் 22,000 லீற்றர் வருகிறது.

இனி மெசினை அளப்போம். 200 லீற்றர் பீப்பாய் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, நிறைய எத்தனை செக்கன் என்று பாருங்கள். 30 செக்கனில் நிறைந்தால் நிமிடத்துக்கு 400 லீற்றர். 22,000 லீற்றருக்கு 55 நிமிடம் ஓடினால் போதும்.

அதே தோட்டம் நட்ட புதிதில்? 4.9 ஐ 0.7 ஆல் பெருக்க 3.4 மில்லிமீற்றர். மூன்று நாளைக்கு 10,200 லீற்றர். 0.7 ஆல் வகுத்தால் சுமார் 14,600. மெசின் 36 அல்லது 37 நிமிடம் ஓடினால் சரி. நட்ட நாளில் இருந்து பிடுங்கும் நாள் வரைக்கும் ஒரே மாதிரி ஒன்றரை மணித்தியாலம் ஓட்டுகிறவர் எவ்வளவு எண்ணெயை மண்ணுக்குள் ஊற்றுகிறார் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

மண்ணை ஒரு பானை என்று நினையுங்கள். வேர் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுதான் பானையின் உயரம். வெண்காய வேர் பெரும்பாலும் மேல் 30 சென்ரிமீற்றருக்குள்தான் நிற்கும். அந்த ஆழத்தில் செடிக்கு உதவும்படி மண் பிடித்து வைப்பது 30, 35 மில்லிமீற்றர் தண்ணி என்று வைத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குள் குறைந்ததும் திரும்ப ஊற்றிவிட வேண்டும். அதாவது 10 முதல் 15 மில்லிமீற்றர். நாளுக்கு 5 மில்லிமீற்றர் போனால் இரண்டு, மூன்று நாள்தான் தாங்கும். பெரியவரின் "நாலு நாளைக்கு ஒருக்கா" என்ற வழக்கம், வெயில் குறைந்த காலத்துக்கும் இளம் பயிருக்கும் சரியாகவே பொருந்துகிறது. கடும் வெயிலில், காய் பருக்கும் காலத்தில் அது கொஞ்சம் நீண்டுவிடுகிறது. முன்னோர் வழக்கத்தைக் கணக்கு பொய்யாக்கவில்லை, எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று காட்டுகிறது.

பானையில் 15 மில்லிமீற்றருக்கு இடம் இருக்கும்போது 30 மில்லிமீற்றர் ஊற்றினால் மீதி வழியத்தான் செய்யும். நாலு பரப்பில் அது 15,000 லீற்றர், உரத்தோடு சேர்ந்து கீழே போகும் தண்ணி. "தண்ணி குறைவாக விட வேண்டும்" என்பதல்ல நாம் சொல்வது. கொஞ்சம் கொஞ்சமாக, இடம் அறிந்து விட வேண்டும்.

இந்தக் காரணத்தால்தான் யாழ்ப்பாணத்தில் தூவல் முறையும் சொட்டு நீர் முறையும் பரவி வருகின்றன. வேருக்குப் போய்ச் சேரும் பங்கு தூவலில் நூற்றுக்கு 75 அளவிலும், சொட்டு முறையில் 90 அளவிலும் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் குழாய் மாற்றினால் மட்டும் தண்ணி மிச்சமாகாது. சொட்டுக் குழாயை நாள் முழுக்கத் திறந்து விட்டால் அதுவும் வீண்தான். குடிநீருக்காக மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று 2024இல் திறக்கப்பட்டது. கடலில் இருந்து உப்பைப் பிரித்து எடுக்க எவ்வளவு செலவு! காலடியில் மழை சும்மா தந்த தண்ணியைக் காப்பதற்கு ஒரு தட்டமும் ஒரு அடிமட்டமும் போதும்.

நமது பாத்திக்கு வருவோம்

இனி நமது லயத்துக்குத் திரும்புவோம். செய்ய வேண்டியது இது.

1. பக்கம் நேராக உள்ள அகலமான தகரப் பாத்திரம் ஒன்றை எடுங்கள். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். சரிந்த பேசின் உதவாது. பாத்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. சிறிய டின் வெயிலில் சீக்கிரம் சூடேறி, உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டும்.

2. மர நிழலும் கூரை நிழலும் விழாத இடத்தில், இரண்டு பலகைத் துண்டின் மேல் வையுங்கள். காகமும் நாயும் குடிக்காதபடி மேலே கம்பி வலை போடுங்கள்.

3. காலை 7 மணிக்கு விளிம்பில் இருந்து இரண்டு விரல் கீழே வரைக்கும் தண்ணி ஊற்றி, பிள்ளையின் அடிமட்டத்தால் ஆழத்தை அளந்து எழுதுங்கள். அடுத்த நாள் அதே நேரம் மறுபடி அளவுங்கள். குறைந்ததுதான் அன்றைய கணக்கு.

4. மழை பெய்திருந்தால் தண்ணி கூடியிருக்கும். தோட்டத்து ஆபிசில் மழை அளந்து எழுதுவார்கள். பெய்த மழையின் அளவைக் கேட்டு, முதல் நாள் ஆழத்தோடு கூட்டி, இன்றைய ஆழத்தைக் கழியுங்கள். நல்ல மழை பெய்த அன்றைக்குப் பாத்திக்குத் தண்ணி வேண்டாம். இலையை மட்டும் நனைத்துப் போகும் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் தூறலை நம்ப வேண்டாம்.

5. மூன்றாம் நாள் தண்ணியைக் கவிழ்த்து, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணி நிரப்புங்கள். இதை மறக்கவே கூடாது. தேங்கிய தண்ணியில் நுளம்பு முட்டையிடும். பயிர்க் கணக்குப் பார்க்கப் போய் வீட்டுக்கு டெங்குவைக் கூப்பிட வேண்டாம்.

ஒரு பேர்ச் அளவு போஞ்சி, அதாவது 25 சதுர மீற்றர் என்று வைப்போம். தட்டத்தில் 4 மில்லிமீற்றர் குறைந்திருக்கிறது. 0.7 ஆல் பெருக்க 2.8. முளைத்துக் கொஞ்ச நாள் ஆன போஞ்சி என்றால் 0.5 ஆல் பெருக்க 1.4 மில்லிமீற்றர். 25 சதுர மீற்றருக்கு 35 லீற்றர், 10 லீற்றர் வாளியில் மூன்றரை வாளி. பூத்துக் காய்க்கும் போஞ்சி என்றால் 1.05 ஆல் பெருக்க ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். 75 லீற்றர், ஏழரை வாளி.

பீலிக்கரையில் "நாலு வாளி போதும்" என்றவரும் "எட்டு வேணும்" என்றவரும் சண்டை போட்டார்களே, இரண்டு பேரும் சரி. ஒருவர் பாத்தியில் இளம் போஞ்சி, மற்றவர் பாத்தியில் காய்க்கும் போஞ்சி!

வாளியால் வேரடியில் ஊற்றும்போது வாய்க்கால் நட்டம் இல்லை. அது நமக்கு ஒரு வசதி. சாயந்தரத்திலோ விடியற்காலையிலோ ஊற்றுங்கள். பாத்தியில் காய்ந்த புல்லோ சருகோ பரப்பி மூடினால் மண்ணில் இருந்து நேராக ஆவியாவது குறையும். செடி சிறிதாக இருக்கும்போதுதான் இது நன்றாக உதவும். அப்போது வெறும் மண்தான் கூடுதலாகத் தண்ணியை இழக்கிறது. முகம் கழுவிய, அரிசி களைந்த தண்ணியையும் வீணாக்காமல் பாத்திக்குத் திருப்பலாம்.

தேயிலை மலையின் தாகம்

தேயிலையின் குணகம் 1 என்று பார்த்தோம். நாளுக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்தால் ஒரு ஏக்கர் தேயிலை ஒரு நாளில் ஏறக்குறைய 12,000 லீற்றர் தண்ணியை ஆகாயத்துக்கு விடுகிறது. அதை யார் வாளியால் ஊற்றுவது? நமது மலைகள் மழையைத்தான் நம்பி நிற்கின்றன. மழை பிந்தினால் மண் என்ற பானை வற்றும். வற்றினால் கொழுந்து வராது. 1991இல் நமது நாட்டில் சுமார் 24 கோடி கிலோ தேயிலை கிடைத்தது. வரட்சி அடித்த 1992இல் அது 18 கோடி கிலோவுக்கும் கீழே இறங்கியது. அந்த வருடம் வேலைநாள் குறைந்து கடைக் கடன் ஏறியதை மூத்தவர்கள் மறக்கவில்லை. 2016, 2017 வரட்சியும் அப்படித்தான் வாட்டியது.

கவாத்துக் குப்பையை விறகுக்கு முழுவதும் அள்ளிவிடாமல் மலையிலேயே பரப்பச் சொல்வதும், நிழல் மரத்தைக் காக்கச் சொல்வதும், கான் வெட்டச் சொல்வதும் சும்மா அல்ல. பெய்த மழையை வழிந்தோட விடாமல் பானைக்குள் இறக்கி, மூடி வைக்கும் வேலை அது. ஊற்றுக்கு மேலே இருக்கும் காட்டை வெட்டாமல் விட்டால் பீலியிலும் தண்ணி நிற்கும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

நமது பாட்டிமார் சொன்ன பழமொழி இது. வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் கிணறு உப்பேறிய பிறகுதான் அதன் அருமை பலருக்கும் விளங்குகிறது. ஆறும் அருவியும் பிறக்கும் மலையில் இருக்கும் நாம், பீலி வற்றும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

லயத்துக்கு ஒரு பாத்திரம் வைத்தால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அடிமட்டத்தையும் கொப்பியையும் கொடுத்து, காலையில் அளந்து எழுதச் சொல்லுங்கள். எத்தனை மில்லிமீற்றர் என்று பிள்ளை சொல்லட்டும், எத்தனை வாளி என்று நீங்கள் கணக்குப் போடுங்கள். ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் உங்கள் மலைக்கென்று ஒரு கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும். வரிசையில் நிற்கும் அடுத்த வீட்டு அக்காவுக்கு நாலு வாளி மிஞ்சினால், அதுவும் இந்தக் கணக்கில் வந்த வரவுதான்.